மூன்றடிக்குக் கீழே

மண்ணை முகர்வதற்கு முன் அமலராணி தன் இடது தோளை ஒருமுறை முகர்ந்துகொள்வார். சேலைக்கு மேல் போட்டிருக்கும் ஆண்பிள்ளைச் சட்டையில் அவருடைய வியர்வை வாசம் மட்டும் இருக்கும். அலைந்து திரிந்த மூக்கு தன்னிடத்துக்குத் திரும்பிவிடுமாம். அதன் பிறகுதான் ஈர மண்ணை மூக்கருகே கொண்டுபோவார். வேலை நாளில் வெற்றிலை போடமாட்டார், தலையில் பூ வைக்கமாட்டார். நிலக்கோட்டை பஸ்ஸில் மல்லிகை மூட்டைகளுக்கு நடுவே இரும்புக் கம்பியோடு அவர் நிற்கும்போது பூக்காரப் பெண்கள் சீண்டுவார்கள்.

"ஏக்கா, இம்புட்டுப் பூவுக்குள்ள வந்து சேத்து நாத்தத்தக் கெளப்புறியே!"

"ஏத்தா, ஒன் பூவு பொழுதுக்குள்ள வாடிப்போகும். என் சேறு நாப்பது வருசமானாலும் மாறாது."

வயது நாற்பத்தாறு. வீடு கட்டுமுன் மண்ணைப் பார்த்துச் சான்று கொடுக்கும் திண்டுக்கல் அலுவலகம் ஒன்றில் பத்தொன்பது வருடமாகத் துளை போடுகிறார். கையில் ஆள் உயரக் கம்பி. மேலே குறுக்குப்பிடி, கீழே இரண்டு உள்ளங்கைகளைக் குவித்தது போன்ற அலகு. திருகித் திருகி இறக்கி, ஒரு சாணுக்கு ஒருமுறை தூக்கினால் அலகுக்குள் மண் சிக்கி வரும். நெடுக்காகப் பிளந்த பிவிசி பைப்பில் அதை வந்த வரிசையிலேயே அடுக்குவார். வேலை முடிந்ததும், கடைசியாக வந்ததை முதலில் போட்டு, வரிசை மாறாமல் துளையை மூடுவார். கண்டபடி அள்ளிப் போட்டு மூடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "தலையக் கொண்டுபோயி காலுக்கு வச்சா நீ நடப்பியாடா?"

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் அவருடைய ஆய்வுக்கூடம். ஈர மண்ணை இரண்டுக்கும் நடுவே வைத்துப் பிதுக்குவார். மணல் என்றால் அங்கேயே உதிரும். செம்மண் ஒரு விரற்கடை நீண்டு அறுந்துபோகும். களிமண்ணோ ரிப்பன்போல வழிந்து தொங்கும். அவர் சொன்னதையும் ஆய்வுக்கூடம் சொன்னதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், பிறகு ஒப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அறிக்கையில் மட்டும் பத்தொன்பது வருடத்தில் ஒருமுறைகூட அவர் பெயர் வந்ததில்லை. கீழே கையெழுத்துப் போடுகிறவர்களில் பாதிப்பேர் அந்த நிலத்தை மிதித்ததே இல்லை.

நிலக்கோட்டைக்கு மேற்கே ஒரு கண்மாய் உள்வாய். உள்வாய் என்றால் கண்மாய் நிரம்பும்போது தண்ணீர் வந்து நிற்கும் பள்ளம். ஊரின் மேட்டு நிலத்துக்கெல்லாம் பட்டாவும் பரம்பரையும் இருந்தன. காலனி மக்கள் முப்பது வருடம் மனுக் கொடுத்து நடந்ததற்குக் கிடைத்தது, தண்ணீரைத் தவிர வேறு எவரும் கேட்காத இந்தப் பள்ளம். மூன்றடிக்குச் செம்மண் கிராவல் கொட்டி, ரோலர் விட்டு, நாற்பது வீட்டுக்குக் கல் நட்டார்கள். முதலில் பன்னிரண்டு வீடுகள் எழும்பின. இரண்டே மழைக்காலம்தான். இந்தப் பிப்ரவரியில் பன்னிரண்டில் ஒன்பது வீடுகளின் சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

முதலில் வெடித்தது ஜீவிதாவின் வீடு. முப்பது வயதுக்குள் புருஷனை இழந்தவள். அஸ்திவாரத்துக்கு முதல் செங்கலைத் தன் கையாலேயே வைத்தவள். அந்த ஒன்று போதாதா? காலனியின் வாய் நீண்ட மனிதர் சுருளிவேல். அவர் வீடும் வெடித்திருந்தது. காரணம் கண்டுபிடிக்க அவருக்கு ஒரு கணம்கூடத் தேவைப்படவில்லை.

"தாலியறுத்தவ கடக்கால் எடுத்தா வெடிக்காம என்ன செய்யும்? அவ வீட்டக் காலி பண்ணட்டும். கெடா வெட்டி, மண்ணுத் தோசத்தக் கழிச்சுட்டு, அப்புறம் மிச்சத்தக் கட்டிக்கிறலாம்."

காலனியை இந்தப் பள்ளத்தில் தள்ளியவர்கள் மீது அவருக்குக் கோபம் வரவில்லை. தனக்கும் கீழே ஒருத்தி கிடைத்துவிட்டால் மனிதனுக்கு வருகிற நிம்மதி பயங்கரமானது. மிச்சமுள்ள இருபத்தெட்டு வீடுகளுக்கு அடுத்த வாரம் வேலை தொடங்குவதாக இருந்தது. அதற்குள் ஜீவிதா வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார்கள்.

அந்த இருபத்தெட்டு வீடுகளுக்கும் மண்சான்று எடுக்கத்தான் அலுவலகத்தின் இளம் பொறியாளர் விக்னேஷ்குமாரும் அமலராணியும் வந்து இறங்கினார்கள். அமலராணி நேரே துளைபோடப் போகவில்லை. ஜீவிதாவின் சுவரிலிருந்த வெடிப்பில் கையை விட்டுச் சற்று நேரம் நின்றார். பிறகு கம்பியை எடுத்தார். மூன்றடிவரை செக்கச்செவேலென்று கிராவல் வந்தது.

"போதும்க்கா, ஆர்டர் மூணடிதான். மூடிருங்க" என்றார் விக்னேஷ்குமார்.

"சார், ரெண்டு வருசத்துக்கு முன்னால இதே எடத்துல நான்தான் ஓட்டை போட்டேன். அப்பயும் செவப்பாத்தான் வந்துச்சு. அன்னைக்கு இருந்த சாரு நிப்பாட்டச் சொன்னாரு, நிப்பாட்டிட்டேன். மூணடியும் லாரி கொண்டாந்து கொட்டுன மண்ணு. அதைப் பாத்துட்டு நல்ல மண்ணுன்னு எழுதிட்டம். எங்கிட்டோ இருந்த மலைக்குச் சர்ட்டிபிகேட் குடுத்துட்டு வந்திருக்கோம் சார்."

அதற்குள் கூட்டம் கூடியிருந்தது. சுருளிவேல் முன்வரிசையில் நின்றார். ஜீவிதா தன் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

விக்னேஷ்குமார் தயங்கினார். "மேல கேட்டா நான் என்னக்கா சொல்றது?"

"கெழவி மூணடின்னு எண்ணத் தெரியாம அஞ்சடி போட்டுட்டான்னு சொல்லுங்க. வேலை போனா எனக்குப் போகட்டும்."

கம்பியோடு இன்னொரு துண்டை முடுக்கினார். நான்காவது அடியில் அலகு நிறம் மாறி வந்தது. சாம்பல் களி, அதில் அம்மைத் தழும்பு மாதிரி செம்பழுப்புப் புள்ளிகள். ஐந்தாவது அடிக்குக் கைப்பிடியில் உடம்பின் முழு எடையையும் சாய்த்துத் தொங்கினார். தூக்கியபோது களியைப் பிய்த்துக்கொண்டு ஒரு சத்தம். வந்தது நீலம் பாய்ந்த சாம்பல். கூட்டம் முனகியது. இத்தனை வருடம் மிதித்து நடந்த தரைக்குக் கீழே இப்படி ஒரு நிறம் இருக்கும் என்று ஒருவரும் நினைத்ததில்லை.

தோளை முகர்ந்தார், மண்ணை முகர்ந்தார். "அழுகின முட்டை" என்று விக்னேஷ்குமாரிடம் நீட்டினார். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விக்னேஷ்குமாரின் பையில் மண் நிறங்களை ஒப்பிடும் புத்தகம் ஒன்று உண்டு. சிவப்பு, பழுப்புப் பக்கங்கள் கைபட்டு அழுக்கேறிக் கிடக்கும். அமலராணி கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நீலச் சாம்பல், பச்சைச் சாம்பல் கட்டங்கள். இந்த வறண்ட மாவட்டத்தில் அதை எவரும் திறந்ததில்லை. பக்கம் புதுசாகவே இருந்தது. களியை ஒரு கட்டத்தின் மேல் வைத்தார். எது களி, எது கட்டம் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தண்ணீர் தேங்கித் துவாரங்களை அடைத்துவிட்டால் மண்ணுக்குள் காற்று நுழையாது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பிழைத்துக் கிடக்க வேறு வழியின்றி ஆக்சிஜனுக்குப் பதிலாக இரும்புத் துருவையே மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்கின்றன. துரு கரைய, சிவப்பு போய்ச் சாம்பல் மிஞ்சுகிறது. கண்மாய் வற்றலாம், மேலே லாரி லாரியாகக் கொட்டலாம், காகிதத்தில் புஞ்சை என்றுகூட எழுதலாம். தண்ணீர் எங்கே, எவ்வளவு காலம் நின்றது என்பதை மண் இருட்டில் நிறமாக வைத்திருக்கிறது. எந்த அதிகாரியாலும் திருத்த முடியாத ஆவணம் அது.

அமலராணி ஒரு கட்டியைப் பிட்டார். நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தில் துருக் குழாய்.

"கோரை வேரு. வேரு மக்கிப்போச்சு. மூச்சுவிட்ட தடம் மட்டும் நிக்கிது" என்றார்.

தன் வேர் வழியே கீழே காற்றை அனுப்பிய ஒரு கோரைச் செடி. காற்றுப் பட்ட இடத்தில் மட்டும் இரும்பு மறுபடி துருவாகியிருக்கிறது. ஒரு புல்லின் மூச்சு அங்கே குழாயாக உறைந்து கிடந்தது. கடவுளுக்கு வேலையே இல்லாத அற்புதம். கும்பிடத் தேவையில்லை, குனிந்து பார்த்தால் போதும்.

"செத்த நேரம் பாத்துக்கிட்டே இருங்க" என்று அந்தக் கட்டியைப் பைப்பில் வைத்தார். கால் மணிக்குள் நீலம் மங்கி, மேல்தோல் பழுப்பேறத் தொடங்கியது. காற்றைக் கண்டதும் அவர்கள் கண்ணெதிரே மண் நிறம் மாறியது. குழந்தைகள் பைப்பருகே வந்து குனிந்தார்கள்.

"ஏத்தா ஜீவிதா, இங்கிட்டு வா." வந்தவளின் கையில் களியை வைத்துப் பிதுக்கச் சொன்னார். ரிப்பன் நீண்டு மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது. அறுந்துபோகவில்லை. "இது மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். வீட்ட மேல தூக்கி, கீழ போடும். நீயி செங்கலு வச்சது அதுக்குத் தெரியாது."

சுருளிவேல் பைப்பருகே வந்தார். "அப்ப எங்க வீட்டுக்குக் கீழயும் இதான் கெடக்கா?"

"ஒங்க வீட்டுக்கும் இதான்ணே, கட்டப்போற இருபத்தெட்டுக்கும் இதான். கெடா வெட்டினா ரத்தம் கிராவலோட நின்னுரும், இம்புட்டு ஆழம் வராது. மேட்டுல எடம் கேளுங்க. இல்லாட்டி இந்தக் களியத் தாண்டிக் கடக்கால் கேளுங்க. கெட்டியாக் கேளுங்க."

விக்னேஷ்குமார் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். ஆழம் என்ற இடத்தில் இருந்த மூன்றை அடித்து ஐந்து என்று எழுதினார். "இருபத்தெட்டு வீட்டுக்கும் எடம் பாக்க நாளைக்குக் காலையில அதிகாரி நேர்ல வர்றாரு. நாம கெளம்பலாம்க்கா, ஓட்டைய மூடிருங்க."

பத்தொன்பது வருடப் பழக்கத்தில் அமலராணியின் கை தானாகவே கடைசியாக வந்த நீலக் களியை அள்ளித் துளையருகே கொண்டுபோனது. அங்கே நின்றது. துளையின் அடியில், ஐந்தடிக்குக் கீழே, கசிந்து வந்த தண்ணீர் ஒரு காசு அகலத்துக்கு வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. களியைத் திரும்பப் பைப்பில் அதன் இடத்திலேயே வைத்தார். வேலியிலிருந்து ஒரு கருவேல முள்கிளையை இழுத்துவந்து, பிள்ளைகளின் கால் மாட்டாதபடி துளையைச் சுற்றிப் போட்டார். மூடவில்லை.