இரண்டாம் முறை கேட்காத ஊர்

மான்மவுத் ஜங்ஷன் என்ற அமெரிக்கச் சிற்றூரில், நூலகத்தின் பின்னறை ஒன்றில், சனிக்கிழமைக் காலைகளில் நான் ஆங்கிலம் சொல்லித்தந்துவந்தேன். சமூகப்பணி படித்தவன் நான். மொழி வசப்பட்டுவிட்டால் இங்கே யாரும் இன்னொருவரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை என்று உறுதியாக நம்பினேன்.

வகுப்புக்கு வந்த நம்மூர்க்காரர்களை அதிகம் திணறடித்தவை, வினையோடு ஒரு சின்னச் சொல் ஒட்டிக்கொண்டு பொருளையே மாற்றிவிடும் தொடர்கள். 'பிக் அப்' என்றால் கீழே கிடக்கும் பேனாவை எடுப்பது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவதும் அதுவே. காதால் கேட்டே ஒரு மொழியைப் பழகிக்கொள்வதும் அதுவே. 'டேக் ஆன்' என்பதைப் பொறுப்பை ஏற்பது என்று விளக்கினேன். கோபியிலிருந்து வந்திருந்த அக்கா ஒருவர் எழுந்து, தன் பையோடு பக்கத்திலிருந்தவரின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டார்.

"இப்படித்தானுங்களே சார்? எங்க வீட்ல அத்தனையும் நான்தான் டேக் ஆன் பண்றேன்."

எல்லோரும் சிரித்தோம்.

கணவரின் விசாவில் பல ஆண்டுகள் வீட்டோடு இருந்த அவருக்கு அப்போதுதான் வேலை அனுமதி வந்திருந்தது. பக்கத்தில், சின்னக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகேர் ஒன்றில் நேர்காணல். கேட்கக்கூடிய கேள்விகளையெல்லாம் வகுப்பில் ஒத்திகை பார்த்தோம். அடுத்த சனிக்கிழமை முகம் வாடி வந்தார்.

"நடை பழகற கொழந்தைங்க இருக்கற டாட்லர் ரூமை டேக் ஆன் பண்றீங்களான்னு கேட்டாங்க சார்."

"புரிஞ்சுதாக்கா?"

"நல்லாப் புரிஞ்சுதுங்க. 'நோ நோ, இட்ஸ் ஓகே'ன்னு சொன்னேன்."

"ஏன்?"

"கேட்ட உடனே சரின்னா, காஞ்சு கெடந்தவளாட்டம் நெனைக்க மாட்டாங்களா? மறுக்கா கேப்பாங்கன்னு பாத்தேன். அந்தம்மா தேங்க்ஸ் சொல்லி எந்திரிச்சுட்டாங்க."

சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் மறுத்து, வற்புறுத்திய பிறகே உட்காரும் மரியாதையில் வளர்ந்தவன்தான் நானும்.

"நீங்க ஒரு போன் போட்டுச் சொல்லுங்களேன் சார்."

நான் பேசினால் வேலை கிடைக்கலாம். ஆனால் இத்தனை நாள் கணவர் அவருக்காகப் பேசிய இடத்தில் இனி நான் பேசுபவனாவேன். பேசாவிட்டால் என் கொள்கைக்காக அவர் இழக்க நேரும். வகுப்பு முடியும்வரை மனம் இரண்டுக்கும் நடுவே அலைந்தது. கடைசியில் அவரையே பேசச் சொல்லி, அவருடைய காரில் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யெஸ். டாட்லர் ரூம், ஐ வில் டேக் ஆன்," என்றார், பிசிறில்லாமல்.

மறுமுனைக் குரல் கனிவாகத்தான் இருந்தது. அந்த இடத்துக்கு முந்தைய நாளே வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

போனை மடியில் வைத்துவிட்டு முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் முறையிலேயே சரி என்று சொல்லப் பழகுங்கள் என்று நான் சொல்லியாக வேண்டும். அப்படிப் பழகியபின் அவர் தன் வீட்டுக்கு வருகிறவர்களிடமும் ஒரு முறைதான் கேட்பாரோ என்று தோன்றியது. பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி நீட்டினேன்.

"வேண்டாமுங்க," என்றார்.

கப்பைப் பிடித்தபடியே இருந்தேன்.

"ஏனுங்க சார், நீங்களும் மறுக்கா கேக்க மாட்டீங்களா?"

கேட்டேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.