பனிச்சறுக்கில் வந்த ரத்தம்

சட்டைக்கையை மடித்துவிட்டுத்தான் போர்கில்ட் சுகாதார நிலையத்தின் கதவையே திறப்பாள். வெளியே மூக்கு உறைகிற குளிராக இருந்தாலும் இடது கை முழங்கைக்கு மேல்வரை திறந்துதான் இருக்கும். கோட்டை ஒரு தோளில் மட்டும் தொங்கவிட்டிருப்பாள். ரத்தம் எடுக்கும் சொல்ஃப்ரீட் ரப்பர் பட்டையைத் தேடி முடிப்பதற்குள் இவள் நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கை மடிப்பை விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருப்பாள்.

"இங்க குத்து. கயிறு மாதிரி கிடக்கு பாரு. இந்தப் பள்ளத்தாக்குல இப்படி ஒரு நரம்பு வேற யாருக்கும் கிடையாது."

"போன தடவை நீ சொன்ன இடத்துல குத்தி ஒரு சொட்டு வரல, போர்கில்ட்."

"அது ஊசியோட கோளாறு."

எழுபதை எட்டப்போகிறாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்; அதற்குமேல் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை என்பது அவள் கட்சி. துருப்பிடித்த ஒரு டிராக்டரை வைத்துப் பனி தள்ளத் தொடங்கியவளிடம் இன்று மூன்று டிராக்டர்கள். குளிர்காலத்தில் இந்த ஊரில் யாராவது வீட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்க முடிகிறதென்றால் அது போர்கில்டின் தயவு. அதை அவளே சொல்லுவாள். அவள் முற்றத்து விறகு அடுக்கைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் காரை மெதுவாக்குகிறார்கள். அதையும் அவளே சொல்லுவாள். பனிச்சறுக்குத் தடத்தில் யாராவது அவளைத் தாண்டிப் போய்விட்டால் மட்டும் பேச்சு மாறும். "அவன் சறுக்குப் பலகையில புது மெழுகு. கால்ல ஒண்ணும் இல்ல."

இப்படிப்பட்டவளின் வலது கையிலிருந்து போன அக்டோபரில் ஒரு காலை வேளையில் காப்பி ஜாடி நழுவியது. கை இருந்தது, பிடி இல்லை. கூடவே வசிக்கும் தங்கை மார்கித்திடம் 'துணி கொண்டா' என்று சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது 'சனிக்கிழமை'. மறுபடி முயன்றாள், மறுபடியும் சனிக்கிழமை. ஆம்புலன்ஸ் வந்து சேர்வதற்குள் கையும் பேச்சும் திரும்பிவிட்டன. திரும்பிய பேச்சில் முதல் காரியமாக, முற்றத்துப் புல்லில் சக்கரத் தடம் பதித்ததற்காக ஆம்புலன்ஸ்காரர்களைத் திட்டினாள்.

பக்கவாதம் வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். போர்கில்ட் அதற்கு வியாதிப் பெயரெல்லாம் வைக்கவில்லை. 'அந்தக் காலை' என்பாள், அவ்வளவுதான்.

அந்தக் காலை இன்னொரு முறை வருமா என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ரத்தம். இதயம் திணறும்போது ரத்தத்தில் ஒரு பொருளை அதிகமாகக் கலந்துவிடும். அதன் பெயர் நீளம். தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. எண் குறைவாக இருந்தால் நிம்மதி. மார்ச்சில் மலை தாண்டும் பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு, பந்தய விதிப்படி முதுகில் மூட்டையோடு, வழக்கம்போலப் போகலாம். அதிகமாக இருந்தால், இதயம் யாருக்கும் தெரியாமல் தாளம் தப்புகிறதோ, அங்கே கட்டும் ரத்தக்கட்டி மூளைக்குக் கிளம்புமோ என்று தேட வேண்டும். பந்தயம் கிடையாது.

பிப்ரவரியில் அந்தப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். போர்கில்ட் காரை எடுக்கவில்லை. பலகைகளைக் கட்டிக்கொண்டு காட்டு வழியாக, மேட்டைத் தாண்டி, சறுக்கியே வந்தாள். வழியில் இரண்டு இளவட்டங்களை முந்தினாள். தலையிலிருந்து ஆவி பறக்க நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

மறுநாள் டாக்டர் எஸ்கில் கூப்பிட்டனுப்பினான். பக்கத்துப் பண்ணைப் பையன்தான். சின்ன வயதில் இவள் டிராக்டரின் பின்னால் தொங்கி உதை வாங்கியவன். முகம் சரியில்லை.

"எண் ரொம்ப ஏறியிருக்கு, போர்கில்ட்."

"நல்லதுதானே. என்கிட்ட எல்லாமே அதிகம்தான்."

"இது ஏறக்கூடாத எண்." கொஞ்சம் யோசித்தான். "நேத்து எதுல வந்த?"

"வேற எதுல வருவாங்க? பலகையிலதான்."

எஸ்கில் நெற்றியை மேசையில் வைத்துக்கொண்டான். ரத்தம் எடுக்கும் அறைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: பரிசோதனைக்கு முன்னால் சில நாட்களுக்குப் பனிச்சறுக்கு வேண்டாம். நீண்ட தூரம் சறுக்கினால் நல்ல இதயமே அந்தப் பொருளைக் கலந்துவிடும். வேறு ஊர்களில் இப்படி எழுதி ஒட்ட வேண்டியிருக்காது.

"அந்தக் காகிதத்தைப் படிச்சியா இல்லையா?"

"படிச்சேனே. மத்தவங்களுக்கு எழுதினதுன்னு நினைச்சேன்."

"எதுக்கு இப்படிப் பண்ணுன?"

"ஒரு வண்டிக்கு விலை சொல்றதுக்கு முன்னாடி ஓட்டிப் பார்ப்பாங்களா மாட்டாங்களா? கொட்டகையில நிக்கிற வண்டியைப் பார்த்து என்னத்தைச் சொல்லுவ நீ?"

வீட்டுக்குப் போய் நாலைந்து நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு, காரில் வா என்று சொல்லி அனுப்பினான். போர்கில்டுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏறின எண் அத்தனையும் தன் காலின் வேகம். ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். "டாக்டரே பயந்துட்டான். அவ்வளவு வேகம்."

சும்மா உட்காருவதுதான் வரவில்லை. மார்கித் முப்பது வருஷம் தபால் நிலையத்தில் வரிசையைக் கட்டி மேய்த்தவள். கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் டிராக்டரை ஓட்டக் கூலிக்கு வந்தவன் பனியைத் தப்பான மூலையில் தள்ளுவதைப் பார்த்து போர்கில்ட் ஜன்னல் கண்ணாடியை உடைவதுபோலத் தட்டினாள். கடைசியில் விறகுக் கூடையைத் தூக்கினாள்.

"வை கீழ."

"அடியே, விறகு எடுக்கிறது உடற்பயிற்சியா? அது சமையல்."

"வைன்னா வை."

தொலைக்காட்சியில் பனிச்சறுக்குப் பந்தயம் போட்டார்கள். போர்கில்ட் ஏற்றத்தில் ஏறுகிறவனோடு சேர்ந்து தோளை ஆட்டினாள், முன்னால் சாய்ந்தாள், அவன் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது இவளுக்கு வியர்த்திருந்தது. மார்கித் எழுந்து அணைத்தாள். "பார்க்கிறதுக்கே உனக்கு மூச்சு வாங்குது."

திரை அணைந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்த வாஃபிள் அப்பம் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. போர்கில்ட் காப்பிக் கோப்பையை வலது கையால் தூக்கினாள், குடிக்காமல் வைத்தாள். மறுபடி தூக்கினாள், வைத்தாள். கோப்பையில் காப்பியே இல்லை என்பதை மார்கித் பார்த்தாள். பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

மார்கித் காரோட்டினால் டிராக்டர்கள் முந்திப் போகும். அப்படித்தான் இரண்டாம் முறை வந்தார்கள். தன் டிராக்டரே தன்னை முந்தியதை போர்கில்ட் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ரத்தம் கொடுத்தாள். சொல்ஃப்ரீட் விரும்பிய இடத்திலேயே குத்த விட்டாள். முடிவு வந்த அன்று அக்காள் தங்கை இருவரும் எஸ்கிலின் எதிரே உட்கார்ந்தார்கள்.

"எறங்கியிருக்கு" என்றான் எஸ்கில்.

போர்கில்ட் தொடையில் ஓங்கி அடித்தாள். "நான் சொல்லல? மார்கித், பலகைக்கு மெழுகு எடுத்து வை."

"இரு. பாதிதான் எறங்கியிருக்கு. எறங்கின பாதி நீ சறுக்கினது. நிக்கிற பாதி உன் இதயம் சொல்றது."

"பாதிக்குப் பாதி. அதைச் சமம்னு சொல்லுவாங்க எங்க காலத்துல."

"இது ஆட்டம் இல்ல, போர்கில்ட்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பனி தள்ளிய லட்சணத்தைக் குறை சொல்ல வாயெடுத்தவள், வேறொன்றைக் கேட்டாள். "அந்தக் காலை திரும்ப வரும்கிறியா?"

"வரும்னு இந்த எண் சொல்லல. வராதுன்னு என்னைச் சொல்ல விடமாட்டேங்குது. நெஞ்சுல ஒரு சின்னக் கருவி ஒட்டுறேன். ராத்திரி பகல் தாளத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கும். தப்புதுன்னு தெரிஞ்சா ரத்தம் கட்டாம இருக்க வேற மாத்திரை இருக்கு. அது வரைக்கும் பந்தயம் வேண்டாம்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் நீ இருக்கணும்னுதான் இந்த வருஷம் வேண்டாங்கிறேன்."

மார்கித் அக்காளின் கோட்டுப் பொத்தானை, அவசியமே இல்லாமல், போட்டுவிட்டுக் கழற்றினாள்.

சொல்ஃப்ரீட் அந்த அறைக்கே வந்து கருவியை ஒட்டினாள். தீப்பெட்டி அளவுதான். ஒட்டியபின், மணிக்கட்டில் நாடி பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாள்: கட்டைவிரல் பக்கம், மெல்ல, அழுத்தாமல். போர்கில்ட் எதையும் மெல்லச் செய்து பழகியவள் அல்ல. முதலில் அழுத்தினாள், ஒன்றும் கிடைக்கவில்லை. விரலைத் தளர்த்தினாள். கிடைத்தது. உதடுகள் அசையாமல், கண்ணை ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒழுங்காத்தான் போகுது" என்றாள் பிறகு. "ஒழுங்குன்னா எப்படி இருக்கும்னு யாருக்குத் தெரியும்? கொண்டா உன் கையை."

மார்கித் நீட்டினாள்.

"உன்னுது என்ன இப்படித் தபால் முத்திரை குத்துற மாதிரி போகுது."

"முப்பது வருஷம் குத்தினது."

போர்கில்ட் சிரிக்கவில்லை. எஸ்கில் அடுத்தவரைக் கூப்பிடுவதற்காகக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். மார்கித் எழுந்தாள்.

"பார்த்தாச்சா? போகலாமா?"

"சும்மா இருடி. இன்னும் முடியல."

தாழ்வாரத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கார்வரை, போர்கில்ட் தங்கையின் மணிக்கட்டை விடவில்லை.