வியன்னாவுக்கு ரெண்டு டிக்கெட்

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. நாம் எந்த ஊருக்கும் போயிருக்க மாட்டோம். ஆனால் எல்லா ஊரைப் பற்றியும் நம்மிடம்தான் கேட்பார்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளோடு பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தட்கல் டிக்கெட், சபரிமலைக்கு வேன், வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட், இவ்வளவுதான் என் உலகம். "எந்தப் பக்க ஜன்னல்ல வெயில் அடிக்காது?" என்ற கேள்விக்குத் தினமும் பதில் சொல்லி நொந்துபோன சகாக்களே, நீங்கள்தான் இதைப் படித்து எனக்காக இரண்டு சொட்டுக் கண்ணீர் விட வேண்டும்.

காதில் விழுந்த ஊர்

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை சகுந்தலா டீச்சர் வந்தார். அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் சரித்திரப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "வியன்னாவுக்கு ரெண்டு டிக்கெட் வேணும் தம்பி" என்றார்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வாணியம்பாடி என்று விழுந்தது. "நேர் வண்டி இல்ல டீச்சர், மாறிப் போகணும். ஸ்லீப்பரா, ஏசியா?" என்று கேட்டேன். டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்லிவிடுவாரோ என்று பயமாகிவிட்டது. மெதுவாகத்தான் சொன்னார்:

"வியன்னா, ஆஸ்திரியாவோட தலைநகரம். சண்டை ஓய்ஞ்சு ஐரோப்பா ராஜாக்கள் எல்லாம் கூடி மாநாடு போட்ட ஊரு. எங்கிட்ட படிச்சிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஒரு பழைய பொய்

நம்மூரில் முதல் வெளிநாட்டுப் பயணம் என்றால் சிங்கப்பூர், மலேசியா. கொஞ்சம் துணிந்தவர்கள் தாய்லாந்து. எடுத்த எடுப்பில் வியன்னா ஏன் என்று கேட்டேன். எப்போதோ ஒரு வருஷம் வகுப்பில் ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், வியன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறாள். டீச்சர் அகலமான தெரு, கல் பாவிய முற்றம், குதிரை வண்டி என்று நேரில் பார்த்தவர் மாதிரி விவரித்திருக்கிறார். அந்தப் பிள்ளை விடவில்லை. "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டதற்கு வாய் தவறி "ஆமா" என்று சொல்லிவிட்டாராம். வகுப்பே கை தட்டியதாம்.

"அன்னைக்குச் சொன்ன பொய்ய ஒரு தடவையாவது நிஜமாக்கிரணும் தம்பி" என்றார்.

சிரிக்கக் கூடாது

இரண்டாவது டிக்கெட் அவர் வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணாச்சிக்கு. வாசுதேவநல்லூர் ரோட்டில் மல்லித் தோட்டம் வைத்திருக்கிறார். விடியுமுன் பறித்து, பூ மார்க்கெட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்பார். ஒரு ராத்திரி வெளியூரில் தங்க வேண்டுமென்றால் மூன்று நாள் யோசிப்பவர். பயணம் பூ குறைகிற தை மாதத்தில் என்பதால் மட்டும், போனால் போகிறதென்று ஒத்துக்கொண்டிருந்தார்.

விசாவுக்கு போட்டோ எடுக்கப் பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். முகத்தில் எந்த உணர்ச்சியும் இருக்கக் கூடாது, சிரிக்கவே கூடாது, இது விதி. எனக்குச் சிரிப்பு, டீச்சருக்குச் சிரிப்பு. டீச்சருக்கு மட்டும் ஐந்து தடவை எடுக்க வேண்டியிருந்தது. அண்ணாச்சி உட்கார்ந்தார், ஒரே தடவை, முடிந்தது. "அண்ணாச்சி, அப்படியே ஆடாம இருந்தீங்களே!" என்று ஸ்டுடியோக்காரர் அசந்துபோனார். டீச்சர் சொன்னார்:

"கல்யாண போட்டோவுலயும் இவுக மூஞ்சி இப்படித்தான் இருக்கும்."

அண்ணாச்சியின் ஆட்சேபணை

விசா கேட்டால் ஒவ்வொரு நாளும் எங்கே போவோம் என்று அட்டவணை போட்டுக் கொடுக்க வேண்டும். டீச்சர் நோட்டில் பத்து நாளுக்கும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அரண்மனை, பெரிய தேவாலயம், மியூசியம், இன்னொரு அரண்மனை. நான் அடித்துக்கொண்டே வாசித்தேன். அண்ணாச்சி டீயை ஊதிக் குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் நாள்: மத்தியக் கல்லறைத் தோட்டம்.

டீ டம்ளர் பாதி வழியில் நின்றது. "என்ன தோட்டம்?" என்றார். பெரிய சங்கீத மேதைகளை அடக்கம் பண்ணிய இடம், உலகமே வந்து பார்க்கிறது, டிராமிலேயே போய் இறங்கலாம் என்று டீச்சர் விளக்கினார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்:

"பிளேன் ஏறிப் போயி சுடுகாடு பாக்குத குடும்பம் சங்கரன்கோவில்லயே நாங்கதான் வே."

டிக் அடித்த கட்டம்

இருவரும் சென்னைக்கு ரயிலேறிப் போய்க் கைரேகை வைத்து, காகிதங்களைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். கார்த்திகையில் கூரியர் வந்தது. கவரோடு என்னிடம் கொண்டுவந்தார்கள். பாஸ்போர்ட்டில் விசா இல்லை. ஒரு தாள் இருந்தது. அதில் ஒரு கட்டத்தில் டிக். விசா முடியுமுன் இவர்கள் திரும்பிப் போவார்களா என்பது சந்தேகம் என்று அர்த்தம்.

டீச்சர் தாளை வாங்கி நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி, விடு தம்பி" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது. ஆனால் அண்ணாச்சி எழுந்துவிட்டார். அதுவரை போகாமலிருக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த மனுஷன். கடைக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார்:

"யாரு, நானா? நான் அங்கன தங்கிருவேனா? மக வீட்டுக்கு ராயகிரிக்குப் போனாலே கடைசி பஸ்ஸப் புடிச்சு வந்துருதவன் வே நான்!"

பிரிண்டருக்குப் பின்னால்

சகாக்களே, இனி வருவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் பிரிண்டரில் தாள் சிக்கியது. அதை நகர்த்தினேன். பின்னால், சுவரோரம் ஒரு தாள் கிடந்தது. எடுத்துப் பார்த்தால், அவர்கள் விமான டிக்கெட்டின் இரண்டாம் பக்கம். திரும்பி வருகிற டிக்கெட். முதல் பக்கத்தை மட்டும் வைத்து அனுப்பியிருக்கிறேன்! தூதரகத்தின் மேல் ஒரு தப்பும் இல்லை.

இரண்டு நாள் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் தெரியப் போவதும் இல்லை. ஆனால் டீச்சர் அந்தத் தாளை மடித்த விதம் கண்ணிலேயே நின்றது. மூன்றாம் நாள் தோட்டத்துக்கே போனேன். அண்ணாச்சி செடிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். டீச்சர் வரப்பில் நின்றிருந்தார். நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன். டீச்சர், "இனிமே எதுக்கு, எனக்கு ஆசையே போயிருச்சு" என்றார். அண்ணாச்சி மண்வெட்டியை ஊன்றி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

"போறதுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவன நானும் நம்ப மாட்டேன். மறுபடியும் போடும் வே, இந்தத் தடவ வார டிக்கெட்ட மேல வையும்."

காரணங்கள்

மார்கழியில் இரண்டாவது விண்ணப்பம். கூடவே ஒரு கடிதமும் வைத்தோம், ஏன் கண்டிப்பாகத் திரும்பி வருவோம் என்று. அண்ணாச்சி நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். "மாசி பொறந்தா மல்லி மொட்டு வச்சிரும். ஒரு நாள் பறிக்காம விட்டா மலந்து வீணாப் போயிரும். அங்கன உக்காந்திருக்க எனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?" கடைசி வரியை, 'விண்ணப்பதாரருக்கு விவசாயத்தோடு உறுதியான பிணைப்பு உண்டு' என்று மாற்றிக்கொண்டேன்.

டீச்சர் மூன்றாவது நாற்காலியில் ஒதுங்கியே உட்கார்ந்திருந்தார். "எனக்கு என்ன காரணம் எழுதப் போறீக? எனக்குத் தோட்டமும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல" என்றார். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"உனக்குக் காரணம் நாந்தாம்ட்டி. அத இங்கிலீசுல எப்படி அடிக்கணும்னு அவருக்குத் தெரியும்."

வாசலில் நின்றது

விசா வந்தது. அனுப்புமுன் நான் தாள்களை ஒன்பது தடவை எண்ணியிருந்தேன். தையில் கிளம்பினார்கள். மாசி முதல் வாரத்தில் டீச்சர் கடைக்கு வந்தார், கையில் ஒரு சாக்லேட் டப்பா. மாநாடு நடந்த கட்டிடம் இன்னும் அரசாங்க அலுவலகமாகவே இருக்கிறதாம். உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கம் பனியில் அரை மணி நேரம் நின்று பார்த்திருக்கிறார். இவ்வளவு பாடுபட்டு இப்படி ஆகிவிட்டதே என்று நான்தான் வருத்தப்பட்டேன்.

"அதுக்கென்ன தம்பி. இனிமே யாராவது கேட்டா, வாசல்ல நின்ன போலீஸ்காரர் மூக்கு செவந்திருந்தது வரைக்கும் சொல்லுவேன்" என்றார்.

அண்ணாச்சி எடுத்த படங்கள்

மறுநாள் அண்ணாச்சி வந்து தன் போனை என்னிடம் நீட்டினார். தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒரு அரண்மனை இல்லை, ஒரு தேவாலயம் இல்லை. எல்லாப் படத்திலும் வரிசையாகச் சாக்குமூட்டைகள். ஆள் உயரத்துக்கு, நட்டக்குத்தலாக, இடுப்பில் கயிறு கட்டி நிற்கின்றன. மூட்டை தூக்குகிற இடத்துக்கா போனீர்கள் என்று கேட்டேன்.

அரண்மனையை ஒட்டிய பூங்காவாம். டீச்சர் மியூசியத்துக்குள் இருந்த நாளெல்லாம் இவர் அங்கேதான் இருந்திருக்கிறார். தோட்டவேலை செய்கிற அம்மாள் ஒருத்தி, இவர் குனிந்து குனிந்து பார்ப்பதைக் கண்டு கிட்டே வந்து, முடிச்சு எப்படிப் போடுவது என்று செய்து காட்டினாளாம். பேச ஒரு வார்த்தை பொதுவில் இல்லை. இவர் ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாராம், அவள் தலையாட்டினாளாம். கடைசிப் படத்தில் அண்ணாச்சி ஒரு மூட்டையின் தோளில் கை போட்டு நிற்கிறார். சிரித்துக்கொண்டு.

"ஒவ்வொரு ரோசாச் செடிக்கும் குளிருக்குச் சட்டை போட்டு விட்டிருக்கான் வே. பங்குனியிலதான் அவுப்பாங்கன்னு வீட்டுக்காரி விசாரிச்சுச் சொன்னா, அதப் பாக்காம வந்துட்டேனேன்னுதான் மனசு அடிச்சிக்கிடுது" என்றார்.

நாள்வாரியாக, மணிவாரியாக அட்டவணை அடித்துக் கொடுக்கிற நமக்கு, போகிறவர் அங்கே எதன் முன்னால் நின்றுவிடுவார் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.