பென்சில் கோடு விழுந்த சொல்

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. யாரும் தடுக்கவில்லை. மேசை என்னுடையது, தாள் என்னுடையது, ஜன்னலுக்கு வெளியே புனேயின் வாகட் பகுதி அடுக்குமாடிகளில் பாதிப் பேருக்கு நான் எழுதும் மொழியே தெரியாது. இருந்தும் அந்த இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஒரு சாதியை மிதிப்பதற்கென்றே தமிழில் வைத்திருக்கிற சொல். எங்கள் வீட்டுச் சமையலறையிலும் அது உப்பைப் போல, தேடாமலே கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். இங்கே எங்கள் தமிழ்ச் சங்கம் ஆண்டுக்கொரு நாடகம் போடும். அந்த வருடத்து நாடகத்தை எழுதியவர் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தன் அப்பாவைப் பற்றி எழுதியிருந்தார். பண்ணையார் ஊர் நடுவில் வைத்து அப்பாவை அந்தச் சொல்லால் கூப்பிடுகிறார். மகன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அன்றைக்கே குடும்பம் ஊரை விட்டுக் கிளம்புகிறது. நாடகமே அந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

மஹாராஷ்டிரத்தில் மேடையேறும் பிரதியை முன்கூட்டியே அரசிடம் காட்டி அனுமதி வாங்க வேண்டும். அங்கே தமிழ் படிப்பவர் கிடையாது. இந்தியில் மொழிபெயர்த்துக் கொடுப்போம். காரமான சொற்களெல்லாம் அந்த இந்தியில் ‘மூடனே’, ‘துஷ்டனே’ என்று குளித்துத் தலைவாரிக்கொண்டு போகும். அது எங்கள் வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவர்கள் மனப்பாடம் செய்யத் தமிழ் வசனத்தை மராத்தி எழுத்தில் எழுதித் தருவோம். இந்திக்கும் மராத்திக்கும் எழுத்து ஒன்றுதான், அதனால் இரண்டு தாள்கட்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சங்கச் செயலாளர் கட்டை மாற்றி அனுப்பிவிட்டார்.

கூப்பிட்டு அனுப்பினார்கள். எனக்கு மராத்தி வரும் என்பதால் ஆசிரியரோடு நானும் போனேன். அதிகாரி சாதுவான மனிதர், எங்களுக்குத் தேநீர் சொன்னார். “ஹே ஹிந்தி நாஹி,” இது இந்தி இல்லையே, என்று சிரித்தபடி ஒரு பக்கத்தைப் பிரித்து, வரியின் மேல் விரலை ஓட்டி, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார். என்ன மொழி என்று கேட்டுப் பார்க்கிற ஆர்வம்தான். விரல் பண்ணையாரின் வசனத்துக்கு வந்தது. அந்தச் சொல் வந்தது. வெறுப்பே தெரியாத ஒரு வாயிலிருந்து, அட்சர சுத்தமாக.

பக்கத்தில் நாற்காலி நகரும் சத்தம். ஆசிரியர் எழுந்து நின்றிருந்தார். முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. வலது கை இடது தோளுக்குப் போய், அங்கே இல்லாத துண்டை எடுத்துக்கொண்டிருந்தது.

அதிகாரி வாசிப்பதை நிறுத்தினார். “அர்த்தம் என்ன?” என்றார். ஆசிரியரே சொன்னார், இந்தியில், பாடம் நடத்துகிற நிதானத்தோடு.

“எங்கள் மொழியிலும் இருக்கிறது,” என்றார் அதிகாரி. “இதைச் சொல்பவனை உள்ளே தள்ளச் சட்டமே இருக்கிறது. உங்களுக்காகப் போட்ட சட்டம். நானே இதை எப்படி மேடைக்கு அனுப்புவேன், சார்?” பென்சிலை எடுத்து அந்த ஒரு சொல்லின் மேல் மட்டும் கோடு போட்டார். வலிக்குமோ என்பதுபோல மெதுவாக.

படியிறங்கும்போது ஆசிரியர் வெடித்தார். “எங்கப்பாவ அப்படிக் கூப்பிட ஒரு பய பெர்மிஷன் வாங்கலவே. கூப்பிட்டாம்னு சொல்லுததுக்கு மட்டும் நான் வாங்கணுமாக்கும்?”

திட்டியவனின் வாய்க்குப் போடாத பூட்டை, திட்டு வாங்கியவனின் வாயில் போடுகிறது அரசு என்றுதான் அன்றைக்கு நானும் கொதித்தேன். ஆனால் அடுத்த வார ஒத்திகை. அந்தச் சொல்லை அதுவரை கேட்டே அறியாத பையன்கள், பைக் நிறுத்துமிடத்தில் ஒருவனை ஒருவன் அதைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் நாடகம் கற்றுக்கொடுத்தது. ஆசிரியர் ஸ்கூட்டர் சாவியோடு அப்படியே நின்றார். அந்த அதிகாரி பயந்தது இதற்குத்தானோ?

பண்ணையார் வேடம் நகரின் கிழக்கே கராடியில் மென்பொருள் வேலை பார்க்கும் இளைஞனுக்கு. “சார், அங்க ‘முட்டாள்’னு போட்டுக்கலாமா? சலேகா, சரியா வருமா?”

“முட்டாள்னு சொல்லிருந்தா எங்கப்பா சிரிச்சிட்டுப் போயிருப்பாரு தம்பி. ஒண்ணும் போட வேண்டாம். வாயத் திற. சத்தம் வரக் கூடாது. அந்த எடம் காலியாவே கெடக்கட்டும்.”

ஞாயிறு மாலை அரங்கு நிறைந்திருந்தது. ஆசிரியரே தன் அப்பாவாக நடித்தார். பண்ணையார் வந்தான், கை நீட்டினான், வாயைத் திறந்தான். மௌனம். காலி இடம்.

எங்கள் பிள்ளைகள் மேடையில் தமிழை மறப்பதும், முன்வரிசைப் பெரியவர்கள் இருக்கையிலிருந்தே அடியெடுத்துக் கொடுப்பதும் வருடா வருடம் நடப்பதுதான். அன்றைக்கும் யாரோ, பாவம் பையன் மறந்துவிட்டான் என்று நினைத்திருக்க வேண்டும். இருட்டிலிருந்து ஒரு குரல், வாஞ்சையான குரல், அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. சரியான சொல். எழுதியிருந்த அதே சொல். சுற்றி இரண்டு பேர் லேசாகச் சிரித்தார்கள்.

மேடையில் ஆசிரியர் இருட்டைப் பார்த்தார். “யாரு?” என்றார். அது பிரதியில் இல்லை. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நாடகம் தொடர்ந்து, முடிந்தது.

அரங்குக்கு வெளியே வடையும் தேநீரும். ஆசிரியர் அரிதாரத்தைக் கலைக்காமல் வாசலில் நின்றுகொண்டார். ஒவ்வொருவராக வந்து கைகொடுத்தார்கள்.

“பிரமாதம் சார். கண் கலங்கிடுத்து.”

“அப்படியா? எந்த எடத்துல?”

“அந்தக் கடைசி சீன்தான்...”

“சொல்லுங்க, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க.”

பாராட்டுக்கு ஆசைப்படுகிறார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். ஆளுக்கு ஆள் பேச்சுக் கொடுத்து, தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அவர் குரல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாக் குரலும் வாஞ்சையாக இருந்தது. கூட்டம் கரைந்தது. நாற்காலி அடுக்குகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. நான் நாடகம் முழுக்கக் கடைசி வரிசையில் இருந்தவன், குரல் முன்னாலிருந்து வந்தது, அவருக்கும் தெரியும். ஆனாலும் என் பக்கம் திரும்பினார்.

“நீரும் ஏதாச்சும் பேசும்வே,” என்றார்.

பேசினேன். என்ன பேசினேன் என்பது நினைவில் இல்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.