சேவல் தொப்பிக்குள் ஒரு நண்டு

சான் ஹெலாசியோவில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பாதிக்கு மேல் எர்சிலியோ பெகேரோ தைத்த சீட்டோடுதான் ஓடுகின்றன. ஊரில் இருக்கும் அத்தனை பேரும் உட்கார மெத்தை தைத்துக் கொடுத்த அந்த மனிதருக்கு, ஊர் பேஸ்பால் மைதானத்தில் மட்டும் உட்கார இடம் கிடையாது. டிக்கெட் கிடைக்காது என்பதல்ல. எங்கே ஒரு டிக்கெட் வாங்கிவிடுவாரோ என்பதுதான் ஊரின் கவலை.

அவர் கால் வைத்தால் நண்டுகள் தோற்கும். நண்டுகள் என்பது ஊர் அணி. சிவப்புச் சட்டை, நெஞ்சில் இரண்டு கொடுக்கு. கல்யாணமான புதிதில் மனைவி யூதெல்காவை அழைத்துக்கொண்டு முதல்முறை ஆட்டம் பார்க்கப் போனார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அன்று கைவிட்டுப் போனது. அடுத்தமுறை தனியாகப் போனார், அதுவும் போனது. ஒருமுறை ஒட்டுமீசை வைத்துக்கொண்டு பாதி ஆட்டத்தில் நுழைந்தார். சின்னப் பிள்ளையும் பிடிக்கிற பந்தை நண்டுகளின் ஆள் கைநழுவ விட்ட நொடியில், கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்: "எர்சிலியோ உள்ள இருக்கான்டா! தேடுங்கடா!" வியர்வையில் மீசை காலை வாரிவிட்டது. அன்றோடு ஊர் முடிவு கட்டிவிட்டது.

அவருடைய பட்டறைக்குப் பின்னாலேயே மைதானத்துச் சுவர். ஆட்டம் நடக்கும் மாலைகளில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து இரைச்சலைக் கேட்பார். எந்த இரைச்சல் ஓட்டத்துக்கு, எந்த இரைச்சல் நடுவரின் தாயைத் திட்டுவதற்கு என்று பிரித்துச் சொல்லிவிடுவார். ஆனால் தன் அணி ஜெயிப்பதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. கரும்பு வெட்டும் தொழிலாளிக்குப் பிறந்து, வளைந்து வரும் பந்தை அடிக்கத் தெரியாததால் சீட்டு தைக்கப் போனவர் அவர். வேறு எந்தக் குறையையும் அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாகவே நின்றது.

அதற்காக முள்ளை வைத்துச் சம்பாதிக்காமலும் இருக்கவில்லை. பிரிமித்திவோவின் மளிகைக்கடையில் டொமினோ ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்துப் போவார். ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வார்:

"காத்து நல்லா வீசுது. இன்னைக்கு மைதானம் பக்கம் போய்ட்டு வரலாமான்னு இருக்கு."

பேசி முடிப்பதற்குள் குளிர்ந்த பீர் முன்னால் வந்து நிற்கும். கூடவே வறுத்த பன்றி இறைச்சி.

"சாப்பிடு, எர்சிலியோ, சாப்பிடு. மைதானத்துல ஒரே புழுக்கம், செத்துருவே," என்பார் பிரிமித்திவோ.

"வாழைக்காய் வறுவல் இல்லாம இறைச்சி எப்படிண்ணே இறங்கும்?"

வறுவலும் வரும். அந்த டிசம்பரில் எர்சிலியோவின் இடுப்பில் பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

அந்த வருடம் நண்டுகள் நவம்பர் முழுக்கக் கடைசி இடத்தில் கிடந்தார்கள். டிசம்பரில் என்ன புகுந்ததோ, ஜெயிக்க ஆரம்பித்தார்கள். முதல் நான்கு அணிகளுக்குத்தான் அடுத்த சுற்று. மூன்று இடங்கள் நிரம்பிவிட்டன. நான்காவது இடத்துக்கு நண்டுகளும் மலையூர்ச் சேவல்களும் சரிசமமாக வந்து நின்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, சான் ஹெலாசியோவிலேயே கடைசி ஆட்டம், இருவருக்கும் நடுவில். ஜெயித்தவர் உள்ளே, தோற்றவர் வீட்டுக்கு.

வெள்ளிக்கிழமையே பிரிமித்திவோ ஒரு பொரித்த பன்றிக்காலோடு பட்டறைக்கு வந்தார். "ஞாயித்துக்கிழமை நீ எங்க இருக்கப் போறே?"

எர்சிலியோ பன்றிக்காலை முகர்ந்து பார்த்துவிட்டு அவர் பக்கமே தள்ளி வைத்தார். இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தார்: அதைப் பெற்றுக்கொள்ளவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது. நான் போனா நம்ம ஆளுங்க தோக்குறாங்க. சரியா?"

"அதுல என்னடா சந்தேகம்?"

"நான் யாருக்குக் கை தட்டுறேனோ அவங்கதான தோக்குறாங்க? அப்போ நான் சேவலுக்குக் கை தட்டினா?"

பிரிமித்திவோ பக்கத்திலிருந்த சீட்டு ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அது இன்னும் பஞ்சு வைக்காத சீட்டு.

"அடப்பாவி! இந்த யோசனைய மனசுல வெச்சுக்கிட்டா இத்தன வருஷம் என் பீரைக் குடிச்சே?"

"இப்பதாண்ணே தோணுச்சு. சத்தியமா."

உள்ளேயிருந்து யூதெல்கா எட்டிப் பார்த்தாள். "ராசி என்ன உன் தையல் மெஷினா, பின்னாலயும் ஓட்டுறதுக்கு? ரெண்டு கிழங்களுக்கும் மூளை வெந்துபோச்சு."

ஆனால் மூளை வெந்தது இரண்டு பேருக்கு மட்டுமல்ல. மாலைக்குள் டொமினோ மேஜை முழுவதும் அந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டது. நீலத் தொப்பி, நெற்றியில் சேவல், நீலச் சட்டை எல்லாம் வாங்கி வந்தார்கள். எதிரணி ரசிகர்கள் பக்கம் இடம். பிரிமித்திவோ நிபந்தனையும் வைத்தார்.

"சும்மா கை தட்டுனா போதாது. மனசார அவங்க ஜெயிக்கணும்னு நெனைக்கணும். உள்ளுக்குள்ள நம்ம பக்கம் சாஞ்சே, போச்சு. நான் எதிர்ப்பக்கம் உக்காந்து பைனாகுலர்ல உன் மூஞ்சியையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன்."

"ஆட்டத்தப் பாக்க மாட்டீங்களா?"

"உன் மூஞ்சிதான்டா ஆட்டம்."

எர்சிலியோ தலையாட்டினார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான்: உள்ளே போக வேண்டும், ஜெயிப்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை நீலத் தொப்பியைத் தலையில் வைத்துப் பார்த்தபோது மண்டை அரித்தது. சிவப்பு ரெக்சின் துண்டு ஒன்றைக் கத்தரித்தார். எட்டுக் கால், இரண்டு கொடுக்கு. தொப்பியின் உள்பட்டைக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் வைத்துத் தைத்துவிட்டார். மேலே சேவல், உள்ளே நண்டு. கடவுளும் பிரிமித்திவோவும் மேலேயிருந்து பார்த்தால் சேவல்தானே தெரியும்?

ஞாயிறு மாலை சேவல் ரசிகர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் பருத்த பெண்மணி ஒருத்தி, மாலையிலும் கறுப்புக் கண்ணாடி, அகலமான ஓலைத் தொப்பி. டிவி கேமரா அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வெட்கம் போலிருக்கிறது என்று நினைத்தார்.

"தனியாவா வந்தே தம்பி? வாடிப்போய் இருக்கியே," என்று வாழை இலையில் பொதிந்த இறைச்சிப் பலகாரம் ஒன்றைக் கையில் திணித்தாள். "நான் கசில்டா. மலையூர்."

"நானும் மலையூர்தாங்க்கா," என்றார் எர்சிலியோ. பொய் பலகாரத்தோடு சேர்ந்து சுலபமாக உள்ளே இறங்கியது.

இரண்டாவது இன்னிங்ஸிலேயே நண்டுகள் இரண்டு ஓட்டம் எடுத்தார்கள். எர்சிலியோவின் வாய் "ஐயோ" என்றது. வயிறு மேளம் அடித்தது. அந்த மேளம் வெளியே கேட்டுவிட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு எல்லாம் தலைகீழ். சேவல்கள் ஒன்று எடுத்தார்கள், மறுபடி இரண்டு எடுத்தார்கள். மூன்றுக்கு இரண்டு. எதிர்ப்பக்கம் பிரிமித்திவோ பைனாகுலரோடு எழுந்து நின்று, கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார்.

எட்டாவது இன்னிங்ஸில் எர்சிலியோ கழிவறைக்கு ஓடினார். கதவைத் தாழிட்டு, தொப்பியைக் கழற்றி, தையலைப் பல்லால் பிய்த்தார். தன் தையல் இவ்வளவு உறுதியானது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நண்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினார். தொப்பியிலிருந்து பிரித்தாயிற்று. மனசிலிருந்து? அதற்குப் பல் எட்டவில்லை. நாற்பது வருடமாக ஒரு பக்கமே சாய்ந்து நிற்கும் மரத்தை ஒரு மாலையில் மறுபக்கம் சாய்க்க முடியுமா? சாய்ந்ததுபோல் நடிக்கிறது என்று மரத்துக்குத் தெரியாதா?

கடைசி இன்னிங்ஸ், மட்டை நண்டுகள் கையில். இரண்டு பேர் அவுட். ஒருவன் மட்டும் இரண்டாவது தளத்தில் நிற்கிறான். சேவல்கள் புதிய பந்தெறியும் ஆளை இறக்கினார்கள். மெலிந்த பையன், காது இரண்டும் தொப்பிக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தன.

கசில்டா எர்சிலியோவின் கையை இறுகப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"என் பையன்," என்றாள். "கடைக்குட்டி. எலுமிச்சம்பழத்த வெச்சுப் பழகுனவன். எங்க வீட்டு ஜன்னல் ஒண்ணையும் விட்டுவைக்கல."

எர்சிலியோ மைதானத்தைப் பார்த்தார். பையன் மூன்று பந்து எறிந்திருந்தான். நான்காவதற்கு முன் வலது கையைக் காற்சட்டையில் துடைத்தான், மறுபடி துடைத்தான். யார் பெற்ற பிள்ளையோ என்று சொல்லவும் வழியில்லை. பெற்றவள் பக்கத்திலேயே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறாள். எர்சிலியோவுக்கு ஒரு கணம் நண்டுகள், பிரிமித்திவோ, பன்றிக்கால் எல்லாம் மறந்துபோயின.

"போடு மகனே," என்று முணுமுணுத்தார். "பயப்படாம போடு."

நடிப்பில்லாமல் சொன்னார். சொன்னதை உணர்ந்த அடுத்த நொடி மட்டையில் பந்து பட்ட சத்தம் கேட்டது. எந்தச் சத்தம் என்ன என்று அவருக்குத்தான் தெரியுமே. பந்து போவதைப் பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் பார்த்தார். விளக்குகளுக்கு மேலே ஏறி, சுவரைத் தாண்டி, ஏறக்குறைய அவருடைய பட்டறைக் கூரை இருக்கும் திசையில் போய் விழுந்தது. தளத்தில் நின்றவனும் அடித்தவனும் ஓடி வந்து சேர, நான்குக்கு மூன்று. மைதானமே பற்றி எரிந்ததுபோல் எழுந்தது. மேளமும் வெடியும் கிளம்பின.

தன் அணி ஜெயித்ததை எர்சிலியோ பெகேரோ தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டார். குதிக்க முடியவில்லை. கத்த முடியவில்லை. நீலச் சட்டைக்காரர்கள் தலையில் கை வைத்திருந்தார்கள், அவரும் வைத்தார். கண்ணில் நீர் வழிந்தது. அது எந்தப் பக்கத்துக் கண்ணீர் என்று அவருக்கே விளங்கவில்லை.

கூட்டம் கலைந்தது. கசில்டா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மூக்கைச் சிந்தினாள்.

"அழாதே தம்பி. இந்தப் பாவத்துக்கு நான்தான் காரணம். எங்க ஊர்ல என்னை மைதானத்துக்குள்ள விடமாட்டாங்க. நான் போனா சேவல் தோத்துரும். என் பையனே பெரிய டிவி ஒண்ணு வாங்கிக் குடுத்து, 'அம்மா, நீ வீட்லயே பாரு'ன்னு கெஞ்சினான். இங்க யாருக்கும் தெரியாதுன்னு திருட்டுத்தனமா வந்தேன். பெத்தவளுக்கு ஒருதரம் நேர்ல பாக்கணும்னு இருக்காதா?"

எர்சிலியோ சும்மா இருந்திருக்கலாம். ஆனால் தன் பழியை இன்னொருவர் சுமந்துகொண்டு போவதை அவரால் பார்க்க முடியவில்லை.

"அக்கா, நீங்க இல்ல. நான்தான். என்னைவிட ராசிகெட்டவன் இந்தத் தீவுலயே கிடையாது."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே."

"நெசமாக்கா! நான் உள்ள வந்தாலே தோல்விதான். எங்க ஊருக்கே தெரியும்."

"போடா, உன் ராசியெல்லாம் எனக்குத் தூசு. ஒருதரம் நான் பஸ்ல மைதானத்தத் தாண்டிப் போனேன், அதுக்கே தோத்துச்சு."

"நான் தச்ச சீட்டுல உக்காந்து வந்தவன் பந்தக் கோட்டை விட்டான்!"

"உங்க ஊரா? எந்த ஊரு?" என்றாள் கசில்டா திடீரென்று.

எர்சிலியோ தலையைக் குனிந்தார். பையிலிருந்து ரெக்சின் நண்டை எடுத்துக் காட்டினார். ஒரு கொடுக்கு கழிவறையிலேயே விழுந்துவிட்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னார், கடைசியில் "போடு மகனே" என்று சொன்னதையும். அதைச் சொல்லத்தான் நாக்கு கூசியது. எதிரணிப் பிள்ளை ஒருவனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாக மனசார நல்லது நினைத்து, அதனாலேயே அவனைக் கவிழ்த்துவிட்டோமோ? அப்படியென்றால் நல்லது நினைப்பதில் என்ன லாபம்? இல்லை, இரண்டு ராசிகெட்டவர்கள் கைகோத்து உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும், அந்தப் பந்து அந்த வழியேதான் போயிருக்குமோ?

கசில்டா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். விசிறியை மடக்கி அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள்.

"களவாணி! என் பலகாரத்தத் திருப்பிக் குடு!"

"சாப்ட்டுட்டேனேக்கா."

"அதான பாத்தேன். சேவல் ரசிகன் எவனும் இலையோட சேத்து நக்க மாட்டான்." பிறகு அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து, ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "என் பையன் மூணு பந்து நல்லாத்தான் போட்டான், இல்ல?"

"நல்லாப் போட்டான்க்கா. காதுதான் கொஞ்சம் காத்தப் பிடிக்குது."

"அவங்க அப்பன் காது," என்றாள் பெருமையாக.

மறுநாள் காலை பிரிமித்திவோ பட்டறைக்குள் புயலாக நுழைந்தார். எர்சிலியோவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார். "கடைசிப் பந்துல உன் மூஞ்சியப் பாத்தேன்டா! அசல் சேவல்காரன் மூஞ்சி! இதுதான்டா பக்தி!" பிறகு கையிலிருந்த பையைக் கவிழ்த்தார். மூன்று தொப்பிகள் விழுந்தன: மஞ்சள், பச்சை, வெள்ளை. அடுத்த சுற்றில் நண்டுகளோடு மோதப்போகும் மூன்று அணிகள்.

"இனிமே உனக்கு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இடம் உண்டு. அந்தப் பக்கத்துல."

எர்சிலியோ தொப்பிகளைப் பார்த்தார். கசில்டாவைப் பற்றிச் சொல்லிவிடலாம். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒருத்தி இருந்தாள், என் ராசியால் ஒன்றுமில்லை என்று சொன்னால், ஊர் அவரைச் சிவப்புச் சட்டையோடு உள்ளே விட்டாலும் விடும். விடாமலும் போகலாம். அப்புறம் தொப்பியும் போய், பீரும் போய், மறுபடி தையல் மெஷினும் சுவரும்தான்.

கதவருகே நின்ற யூதெல்கா புருவத்தை உயர்த்தினாள். இரவே அவளிடம் எல்லாம் சொல்லியாயிற்று. சிரிப்பை அடக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

எர்சிலியோ மஞ்சள் தொப்பியைத் தலையில் மாட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"அண்ணே, இத மாத்திட்டு ஒரு சைஸ் பெருசா வாங்கிட்டு வாங்க."

"சரியாத்தானடா இருக்கு?"

"வெளியில சரியாத்தான் இருக்கு," என்றார் எர்சிலியோ, சிவப்பு ரெக்சின் சுருளைக் காலால் மெஷினுக்கு அடியில் தள்ளிக்கொண்டே. "உள்ள கொஞ்சம் மெத்தை வெக்கணும்."