ஆடிச் சுத்தம்

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் காரைக்குடியில் நான் வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆடிதான் சுத்தம் செய்கிற மாதம். ஈய எழுத்துக் காலத்தில் தட்டுகளை இறக்கிக் கழுவுவோம். கணினி வந்த பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளை அழிப்போம். கல்யாணம் முடிந்துவிட்டால் பத்திரிகைக்கு என்ன வேலை? ஒரு வருடமாக யாரும் திறக்காத கோப்பு குப்பை. இது சரியா என்று எங்கள் தொழிலில் யாரும் யோசித்துக்கூடப் பார்த்ததில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பதினாறு வயதில் எழுத்துக் கோக்க வந்தேன், இன்னமும் அதே அச்சகத்தில்தான் இருக்கிறேன். கணினிக்கு நிரல் எழுதுவேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், ஆகவே சொல்வதில்லை. எங்கள் கணினி கிழடு. பெரிய மென்பொருள் எதைப் போட்டாலும் மூச்சு வாங்கும். அதற்காகத்தான் சின்னதாக, எடை இல்லாததாக, நானே எதையாவது செய்து பார்க்க ஆரம்பித்தேன். இலவசமாகக் கிடைத்த ஒரு நிரல் மொழியின் மாதிரிகளை இறக்கி வைத்துக்கொண்டு ஒரு வரியை மாற்றுவேன், ஓட்டிப் பார்ப்பேன். உடைந்தால் பழையபடி வைப்பேன். அதில் வரும் ஆங்கிலச் சொற்கள் முப்பது நாற்பதுதான். அவற்றை நான் படிப்பதில்லை, முகம் பார்த்துக் கண்டுகொள்கிறேன். ஈய எழுத்தைத் தலைகீழாக வாசித்துப் பழகியவளுக்கு அது பெரிய பாடு இல்லை.

முதலில் திரையின் மூலையில் ராகுகாலம் காட்டும் ஒரு கடிகாரம் செய்தேன். அப்புறம் புரூஃப் தாள்களுக்கு எண் போடுவது ஒன்று. மூன்றாவதுதான் ஆடிச் சுத்தம். கணினியில் எந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று காட்டினால் போதும், ஒரு வருடமாகத் திறக்காததை எல்லாம் அழித்துவிடும். 'செய்யலாமா' என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். அழிக்கப் போகிற கோப்புகளின் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆயிரம் பழைய பத்திரிகைகளை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

அதில் நான் பெருமைப்பட்ட வேலை ஒன்று இருந்தது. ஒருமுறை நின்றுபோன கல்யாணத்தின் பெண் வீட்டுக்காரர் அச்சகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"எம்புள்ள படம், சாதகம் எதுவும் இந்தப் பொட்டிக்குள்ள இருக்கக் கூடாது தாயி. நாளைக்கு எவனும் தோண்டுனாலும் வரக் கூடாது" என்றார்.

அழித்த கோப்பை மீட்டெடுக்கலாம் என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால் அழிப்பதற்கு முன்னால் கோப்பு முழுவதும் பூச்சியத்தை எழுதும்படி நாலு வரி சேர்த்தேன். அதற்குப் பிறகு யார் தோண்டினாலும் பூச்சியம்தான்.

நிரல்களை எல்லோரும் பொதுவில் வைக்கும் ஒரு இணையதளத்தில் இந்த மூன்றையும் போட்டேன். எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். பெயர் கேட்ட இடத்தில் இரண்டு தலைப்பெழுத்து மட்டும். மற்றவர்கள் எல்லோரும் ஓர் ஆங்கிலப் பத்தியைக் கீழே ஒட்டியிருந்தார்கள், நானும் ஒட்டினேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

அச்சக முதலாளி என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். "பக்கத்துல இருக்க பள்ளத்தூருக்குப் பஸ் ஏறவே துணைக்கு ஆள் தேடுவீக. நீங்க செஞ்சது இப்ப எந்தெந்த ஊர்லயோ திரியுதுக்கா" என்று கேலி செய்வார்.

"சும்மா இருங்க தம்பி. யாரு காதுலயாச்சும் விழுந்துரப் போகுது."

"விழுந்தா என்ன, மாலையா போடப் போறாக?"

போன வருடம் அந்தத் தளத்தில் ஒரு புகார் வந்தது, தமிழிலேயே. 'வணக்கம் சார். ஆடிச் சுத்தத்தை என் கணினி முழுவதற்கும் ஓட்டினேன். அம்மா அனுப்பிய குரல் பதிவுகளை ஒரு இடத்தில் சேர்த்து வைத்திருந்தேன். அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கேட்கத் தைரியம் இல்லாமல் திறக்காமலே வைத்திருந்தேன். அவை இப்போது இல்லை. பொறுப்பில்லை என்று கீழே போட்டிருக்கிறீர்கள், தெரியும். மீட்க வழி இருந்தால் மட்டும் சொல்லுங்கள் சார்.'

பொறுப்பில்லை என்று நான் எங்கே போட்டேன்? அந்த ஆங்கிலப் பத்தியை அன்றைக்குத்தான் கைபேசியில் கொடுத்துத் தமிழாக்கிப் பார்த்தேன். என்ன ஆனாலும் செய்தவர் பொறுப்பல்ல என்று விலாவாரியாக இருந்தது.

வழி இல்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாலு வரியை எழுதியவளே நான்தானே. ஆனால் பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. வாழ்நாளில் எத்தனை கருமாதிப் பத்திரிகை கோத்திருப்பேன். 'ஆழ்ந்த வருத்தத்துடன்' என்று கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன். அன்றைக்கு அடித்துப் பார்த்தேன். அச்சடித்த மாதிரி இருந்தது. அழித்தேன். கடைசியில் அச்சகத்தின் கைபேசி எண்ணை மட்டும் அனுப்பினேன். அது ஏன் என்று இன்றும் தெரியவில்லை. பேசப் பயப்படுகிறவள் எண்ணைக் கொடுப்பாளா?

மறுநாள் மத்தியானம் முதலாளி கைபேசியோடு வந்தார். "அக்கா, யாரோ திருப்பூர்லருந்து. சாரு இருக்காரான்னு கேக்குறாரு. எந்தச் சாரு?" என்று சிரித்தபடி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

"வணக்கங்கம்மா. ஆடிச் சுத்தம் பண்ணுன சார் வீடுங்களா?"

நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "அவுக வெளிய போயிருக்காக" என்று வந்தது.

என் வீட்டுக்காரர் தச்சு வேலை பார்த்தவர், கணினியைத் தொட்டதில்லை, இறந்து பல வருடமாகிறது. அவரைப் போய் அந்த நேரத்தில் சாராக்கி வெளியே அனுப்பிவிட்டேன்.

"சரிங்கம்மா, அவசரமில்லைங்க. இங்க ஒரு பையன் ஏதோ சாப்ட்வேர் போட்டுத் தேடிட்டு இருக்கான். இன்னும் ஒண்ணும் வரலீங்க. வரலீன்னா சென்னையில பெரிய கடை ஒண்ணு இருக்குதாம், அங்க கொண்டு போலாம்னு இருக்கேன். சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

"கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

நாலு நாள் அவரைக் கூப்பிடவில்லை. பத்திரிகையில் மாப்பிள்ளை வீட்டு ஊரைப் பெண் வீட்டுக்குப் போட்டேன். முதலாளி புரூஃபைத் தூக்கிக்கொண்டு வந்து, "என்னக்கா, கண்டனூர்க்காரக ரெண்டு பக்கமும் அவுகளேவா?" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது.

"நான் வேணா பேசவாக்கா? நான்தான் பண்ணேன்னு சொல்லிர்றேன்."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. "வேணாம் தம்பி" என்றேன்.

ஐந்தாம் நாள் நானே கூப்பிட்டேன். அவர் பேருந்து நிலையத்தில் இருந்தார். கணினியைப் பையில் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பிவிட்டார்.

"போகாதீக தம்பி" என்றேன். "போயும் பிரயோசனம் இல்ல."

"சார் சொன்னாருங்களா?"

"சொன்னாக. அழிக்கிறதுக்கு முன்னாடி அது மேல பூராம் பூச்சியத்தை எழுதிடுமாம். எந்தக் கடைக்குக் கொண்டு போனாலும் வராதாம்."

பேருந்துச் சத்தம் மட்டும் கேட்டது. யாரோ ஊர் ஊராகப் பெயர் சொல்லி ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வைத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"ஏங்கம்மா அப்படிப் பண்ணுனாரு?"

நின்றுபோன கல்யாணத்தைச் சொன்னேன், அந்தத் தகப்பன் உட்காராமல் நின்றதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல, எனக்கே அது ஒரு காரணமாகத் தெரியவில்லை. ஒரு வீட்டில் தொலைந்துபோக வேண்டியது இன்னொரு வீட்டில் இருக்க வேண்டியதாக இருக்கும் என்பது, பத்திரிகையைத் தவிர வேறு கோப்பையே பார்க்காத என் புத்திக்கு எட்டவில்லை.

"அப்ப நல்லதுக்குத்தான் பண்ணியிருக்காருங்க" என்றார். பிறகு, "பெருசா ஒண்ணும் இல்லீங்கம்மா, அம்மா பேசுனதுல. மழை வருது, துணி எடுத்துட்டேன். கரண்ட் இல்ல. இப்படித்தாங்க இருக்கும். வேலை மும்முரத்துல நான் ஒருக்கா கூடக் கேக்காத பதிவும் ரெண்டு மூணு இருந்துச்சுங்க" என்றார்.

மேசையில் கிடந்த புரூஃப் தாளை நாலாக மடித்தேன். அவரே தொடர்ந்தார்.

"சார்கிட்டச் சொல்லிருங்கம்மா. எனக்குக் கோவம் இல்லீங்கன்னு."

"சொல்லிர்றேன்" என்றேன்.

அப்போதாவது நான்தான் அந்தச் சார் என்று சொல்லியிருக்கலாம். அவர் வைக்கும்வரை கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன். வைத்த பிறகும் வைத்திருந்தேன். முதலாளி வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்றைக்கே அந்த நாலு வரியை எடுத்துவிட்டேன். பட்டியல் காட்டும்படி மாற்றினேன். அதனால் என்ன? பழையதை இறக்கியவர்களின் கணினியில் பழையதுதான் இருக்கும். அவர்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஒருவர் ஆடிச் சுத்தத்தை எடுத்து வேறு பெயர் வைத்துத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். அழித்தால் திரும்ப வராது என்பதைத்தான் அதன் சிறப்பாக எழுதியிருக்கிறார். அந்த வரிகளை எடுத்துவிடுங்கள் என்று கைபேசியில் ஆங்கிலமாக்கி அவர் பக்கத்தின் கீழே எழுதினேன். பதில் இல்லை. எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னவள் நான். இப்போது திருப்பிக் கொடு என்று எந்த முகத்தோடு கேட்பது?

அந்தத் தளத்தில் புகார் தீர்ந்தால் அதை மூடிவிட வேண்டும். மூடியது பட்டியலிலிருந்து மறைந்துவிடும். திருப்பூர்க்காரர் ஒரு வாரம் கழித்துத் தன் புகாரைத் தானே மூடியிருந்தார். 'நன்றி சார்' என்று கீழே எழுதியிருந்தார்.

அதை இரண்டு முறை படித்தேன். பிறகு, மூடியதை மறுபடி திறக்கும் பொத்தானை அழுத்தினேன். என் பக்கத்தில் அந்த ஒரு புகார் இன்னமும் திறந்தே கிடக்கிறது. அதுதான் சரிசெய்துவிட்டீர்களே, ஏன் மூடவில்லை என்று தளத்தில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.