மூலைமட்டத்துக்குப் பயந்த கொத்தனார் மகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு சனிக்கிழமை. காரைக்கால் தருமபுரத்தில் எங்கள் வீடு. கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் என் கணவர், மேலதிகாரி ஒருவரின் பழக்கத்தில் ஃப்ரீமேசன் என்ற, உறுப்பினர்களுக்கு மட்டுமான பழைய சகோதரச் சங்கத்தில் சேர்ந்திருந்தார். அதற்காக அவ்வப்போது புதுச்சேரிக்குப் போவார். அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பே எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பும்.

அன்று காலை, "இன்னிக்கு சங்கத்துல எனக்கு மூணாவது படி ஏறுற சடங்கு" என்று சொல்லிவிட்டுக் காரில் புதுச்சேரிக்குக் கிளம்பினார். பிறகு அலமாரியில் துணி அடுக்கும்போது அவருடைய சின்னப் புத்தகம் ஒன்று கையில் சிக்கியது. திறந்தால் சவப்பெட்டி, மண்டையோடு, குறுக்கே இரண்டு எலும்பு! இன்னொரு பக்கத்தில் ஒற்றைக் கண்ணும், ஒன்றோடொன்று பின்னிய ஏதோ குறிகளும். சும்மா இருந்தேனா? போனில் வீடியோ தேடினேன். ஒருவன் அடித்துச் சொன்னான்: மொத்தம் முப்பத்துமூன்று படிகளாம், மூன்றாவதில் ஆளைச் சவப்பெட்டியில் கிடத்துவார்களாம், மேலே ஏற ஏற வீட்டிலிருந்து ஓர் உயிரைக் கேட்பார்களாம். பக்கத்தில் எங்கள் நான்கு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளை வாரி மடியில் போட்டுக்கொண்டேன்.

அவரைத் தடுக்க ஒரு வழிதான் தோன்றியது. போன் போட்டு, "என்னங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலிங்க. உடனே கிளம்பி வாங்க" என்று அழுதேன். அழுகை நிஜம், சேதி பொய். "இதோ வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம். நெரவியிலிருந்து என் அப்பா! மழையில் வேலை நின்றுபோக, கொத்தனார் பையும் கையுமாகப் பேத்தியைப் பார்க்க வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். அவர் பையிலிருந்து, சுவர் மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கும் இரும்புச் சட்டத்தை எடுத்து, அந்தப் பின்னிய குறிகளின் பக்கத்தில் வைத்தார்.

"இது மூலைமட்டம்மா. அது மேல இருக்குறது கவராயம், நீ பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போவியே. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இந்த மட்டத்துக்கு நீதான பொட்டு வைக்கிற? இதப் பாத்தா பயந்த?"

"அப்ப மண்டையோடு?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு நெஞ்சு வலின்னு சொல்லியிருக்கியே, இந்த மழையில அந்தப் புள்ள என்ன வேகத்துல வரும்? மொதல்ல போனப் போடு!"

போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி போட்டேன், அதேதான். அதுவரை பட்டதெல்லாம் ஒரு பயமா? ஐயோ, நானே அவரை அனுப்பிவிட்டேனே என்று தாலியைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். தெருவில் திரும்பிய ஒவ்வொரு வண்டிக்கும் படியிறங்கி எட்டிப் பார்த்தேன். அப்பா கொடுத்த காபி கையிலேயே ஆறிப்போனது.

இருட்டுகிற நேரத்தில் வந்தார். காரின் ஒரு பக்கம் முழுக்கச் சிராய்ப்பு, கண்ணாடியைக் காணோம். சீர்காழிக்கு அருகே லாரியை முந்தும்போது வழுக்கி, வாய்க்கால் கரையில் சக்கரம் தொங்க நின்றதாம். அதற்கு முன்பே போனில் சார்ஜ் போய்விட்டதாம். என்னை அவர் பார்க்கவே இல்லை. நேராக அப்பாவின் கையைப் பிடித்து, "மாமா, இப்ப எப்படி இருக்கு?" என்றார். அப்பா தலை குனிந்துகொண்டார். நான் கணவரின் காலடியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

உண்மையைச் சொன்னபோது அவர் திட்டவில்லை. அந்தச் சவப்பெட்டியும் மண்டையோடும், எல்லோரும் ஒருநாள் போகிறவர்கள்தான், இருக்கும்வரை நேர்மையாக இரு என்று நினைவுபடுத்தும் படமாம். கொத்தனார் கருவிகள்தான் அந்தச் சங்கத்தின் சின்னமாம்; அந்தக் காலக் கட்டடக்காரர் ஒருவரின் கதையை நடித்துக் காட்டுவார்களாம். அவர்கள் சங்கத்தில் மூன்றோடு படி முடிந்ததாம், மற்றதெல்லாம் விருப்பப்பட்டவர்களுக்காம். அந்த ஒற்றைக் கண் எல்லாவற்றையும் பார்க்கும் கடவுளின் கண்ணாம்; கடவுள் நம்பிக்கை இல்லாதவரைச் சேர்ப்பதே இல்லையாம். இதையெல்லாம் முன்னாடியே சொல்லியிருக்கலாம் என்று அவரும் வருத்தப்பட்டார்.

இப்போதும் ஆயுத பூஜைக்கு நெரவிக்குப் போய் அப்பாவின் மூலைமட்டத்துக்குப் பொட்டு வைக்கிறேன். எங்கள் வீட்டில் ஓர் உயிரைக் கேட்டது அன்று நான்தான் என்ற நினைப்பு வரும்போது, பொட்டு கோணிப்போகிறது.